அன்வரி பேகம் வீட்டுக் கிளி

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இங்கிலீஷில் பாடினார்கள்.

மிஸ் ஹாரியட்டின் கையில் தையல் ஊசி அப்படியே நின்றது. ஆம்பூரில், ஒரு சாயபு வீட்டு உள்கட்டில், அமெரிக்காவில் தன் ஊர்க் கோயிலில் அவள் பாடிய அதே பாட்டு!

"அது யார்?" என்றாள். கப்பலிலிருந்து இறங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முன்ஷி சொல்லிக்கொடுத்த புத்தகத் தமிழ்.

"கிளி," என்றாள் வீட்டுக்கார அம்மா அன்வரி பேகம், தலையை நிமிர்த்தாமல். "எங்க வீட்டுக்காரரு மெட்ராஸ்ல எந்தத் துரை வீட்லயோ வாங்கினு வந்தாரு. எப்பவாச்சும் பாடும்."

தோல் மண்டி ரஷீத் அஹமதின் வீடு அது. வெளியே வராத கோஷாப் பெண்களுக்குத் தையலும் வேதமும் சொல்லித்தர, வாரம் ஒரு மத்தியானம் மிஷனிலிருந்து ஹாரியட் வருவாள். துணைக்கு பைபிள் உமன் ஞானசுந்தரி.

அன்று வண்டியில் ஏறியதும் ஞானசுந்தரி குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ்ஸியம்மா, அது கிளி இல்ல."

"பின்னே?"

"க்ளாரா மிஸ்ஸியம்மா குரலு."

ஹாரியட்டுக்கு முன்னால் இதே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள் க்ளாரா. காலராவில் போய்விட்டாள். கோயில் தோட்டத்தில் கல்லறை இருக்கிறது. அவள் படுத்த கட்டிலில்தான் ஹாரியட் இப்போது படுக்கிறாள்.

"உனக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

"அவங்க பக்கத்துல நின்னு எத்தினி வருஷம் பாடியிருக்கேன், தெரியாதா? பொட்டிய குழியில எறக்கறப்ப எங்க வீட்டுக்காரருதான் கயித்தப் புடிச்சாரு. 'இன்னா இவ்ளோ லேசா இருக்குது'ன்னாரு. காலரால போன ஒடம்புல இன்னா மிஞ்சும்னு நான்தான் அவரு வாயை அடைச்சேன்."



அடுத்த வாரமும் அந்தக் குரல் வந்தது. இந்தத் தடவை ஹாரியட் மெல்ல அதோடு சேர்ந்து பாடினாள்.

சுவருக்கு அப்பால் சட்டென்று அமைதி.

அவள் நிறுத்தவில்லை. இரண்டு வரி போனதும் அந்தக் குரல் திரும்பி வந்தது. இப்போது அவள் பாடிய மெட்டில் இல்லை. கோயில் பாடகர் குழுவில் பாடுவதுபோல, அவள் குரலுக்குக் கீழே, இணைந்து, இரண்டாம் குரலில்.

எந்தக் கிளியும் அப்படிப் பாடாது.

"ஏசுவே!" என்று ஞானசுந்தரி எழுந்து வண்டிக்கே ஓடிவிட்டாள். அன்வரி பேகம் மட்டும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள்.

ஹாரியட் நேராக மிஷன் பெரிய துரையிடம் போய்ச் சொன்னாள். அவர் தன் டீக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் மலைக்குப் போய் ஓய்வெடு. அந்த வீட்டுக்கு இனிமேல் போக வேண்டாம்."

பணக்கார சாயபுவுக்குப் பயப்படுகிறார் என்று ஹாரியட்டுக்குத் தோன்றியது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்கள், கேட்க ஆளில்லை!

மறுநாள் தனியாகவே போனாள்.

"உள்ளே யாரை அடைத்து வைத்திருக்கிறீர்கள்? கதவைத் திறவுங்கள். இல்லாவிட்டால் போலீஸைக் கூட்டி வருவேன்."

அன்வரி பேகம் எழுந்து, தோல் பதனிடும் ஆவாரம்பட்டை மூட்டைகள் அடுக்கியிருந்த நடையைத் தாண்டிக் கூட்டிப்போனாள். கடைசியில் ஒரு கதவு. வெளிப்பக்கம் பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை.

"க்ளாராம்மா, நான்தான்," என்று தட்டினாள்.

உள்ளே தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது. ரொம்ப நேரம் பிடித்தது. ஏன் என்று கதவு திறந்ததும் ஹாரியட்டுக்குப் புரிந்தது. தாழ்ப்பாளைப் பிடிக்க அந்தக் கையில் விரல்கள் இல்லை.

"அங்கேயே நில், தங்கச்சி," என்றாள் க்ளாரா இங்கிலீஷில். புருவமில்லாத முகம் சிரித்தது. "நன்றாகப் பாடினாய்."

ஹாரியட் அந்தக் கையையே பார்த்தாள்.

"குஷ்டம். பெரிய துரைக்குத் தெரியும். வெளியே தெரிந்தால் ஒரு வீட்டுக் கதவும் இனி மிஷனுக்குத் திறக்காது என்றார். பங்களாவில் வைத்துக்கொள்ளவும் பயம். வெறும் பெட்டியைப் புதைத்துவிட்டு, வேறு பெயரில் என்னை எங்கேயோ தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி கட்டினார்கள். பேகத்திடம் சொல்லிக்கொண்டு போகலாமென்று இங்கே இறங்கினேன். திரும்ப ஏற இவள் விடவில்லை. நீ யாரிடமும் சொல்லாதே. என் அம்மாவுக்கு அது காலராவாகவே இருக்கட்டும்."

அதற்குள் அன்வரி பேகம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, க்ளாராவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊறிப்போன துணிக்கட்டை வெறுங்கையால் பிரிக்க ஆரம்பித்தாள்.

ஹாரியட் தன்னை அறியாமல் ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள்.

"பேகம் அம்மா, உங்களுக்குப் பயமாக இல்லையா? எங்கள் பெரிய துரையே தொடப் பயந்தாரே!"

அன்வரி பேகம் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க ஏசுன்னு சொல்ற ஈசா நபி குஷ்டரோகியைக் கையாலயே தொட்டாருன்னு வாராவாரம் வந்து சொன்னீங்களே! ஏன் மிஸ்ஸியம்மா, அத உங்க துரைகிட்ட யாரும் சொல்லலியா?"