அண்ணாச்சி உப்பு

முத்தையாபுரம் காலனிக்குள் கழுத்தளவு தண்ணீர். சனம் மொட்டைமாடியில் நின்றது. மழை விடுகிற மாதிரி இல்லை.

உப்பளக் கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும். வேறு வழி? கிடையாது.

டவுனிலிருந்து நிவாரணத்துக்கு வந்த குழு கரையில் ஏறியது. தலைவன் முத்துச்செல்வம். ஆளுக்கொரு மம்பட்டி. கரைக்கு அந்தப் பக்கம், ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரம்.

“இங்கன வெட்டினா அந்த உப்பு பூரா கரைஞ்சிருமே?” என்றாள் குழுவில் இருந்த ஈவாஞ்சலின்.

“உசிரு பெருசா, உப்பு பெருசா? யாருதா இருந்தா என்ன? வெட்டு!”

சேற்றில் வழுக்கிக்கொண்டு சொரிமுத்து ஓடி வந்தார். ராஜபாண்டி அண்ணாச்சியின் உப்பளத்தில் அவர் கங்காணி. வெட்டப் போன இடத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இங்கன வெட்டாதிய. இது அண்ணாச்சி உப்பு.”

“அங்கன சனம் சாவக் கெடக்கு வே!”

“அதுக்கு? அந்தா, அடுத்த பாத்திக் கரையை வெட்டுங்க. அங்கனயும் தண்ணி ஓடும்.”

“அது யாரு உப்பு?”

“எவனுதோ. போனாப் போவுது.”

“த்தூ! நீரெல்லாம் மனுசன்தானா? முதலாளிக்கு இப்படியா வாலாட்டுவீரு?”

ஈவாஞ்சலின் முத்துச்செல்வத்தின் சட்டையை இழுத்தாள். “முகாமுக்கு அரிசி அனுப்புறதே அண்ணாச்சிதான். நாளைக்கும் வரணும்லா?”

முத்துச்செல்வம் பல்லைக் கடித்தான். மம்பட்டியைத் தோளில் போட்டான்.

“ஏலே, அங்கன வாங்க.”

வெட்டினார்கள். உள்ளங்கை கொப்பளித்தது. நிறுத்தவில்லை. சொரிமுத்துவும் ஒரு மம்பட்டியை வாங்கி இறங்கினார். ஒருத்தரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கரை உடைந்தது. பாய்ந்த தண்ணீரில் அங்கே இருந்த அம்பாரம் சரிந்து, கரைந்து, காணாமல் போனது.

சாயங்காலம் காலனியில் முழங்கால் தண்ணீர்தான். சனம் கீழே இறங்கியது.

முகாமிலிருந்து ஒரு பெண் விழுந்தடித்து ஓடி வந்தாள். தப்பித்த அம்பாரத்தின் ஓலையை விலக்கிப் பார்த்தாள். அப்படியே அதன்மேல் சாய்ந்து அழுதாள்.

“யாருக்கா நீங்க?” என்றான் முத்துச்செல்வம்.

“ஜெயபாய். குத்தகைக்கு எடுத்த ஒத்தைப் பாத்தி, தம்பி. வெயில்ல வெந்து நானும் எம்மவளும் வாருன உப்பு. எங்களுக்கு இதை விட்டா வேற என்ன இருக்கு?”

முத்துச்செல்வம் மெல்லத் திரும்பினான்.

“அப்ப நாங்க கரைச்சது?”

“அண்ணாச்சிது.” சொரிமுத்து மம்பட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். “நாளைக்கு எனக்கு வேலை இருக்காது.”

“இந்த அக்கா உப்புன்னு எங்ககிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே, ஐயா!”

சொரிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

“சொல்லியிருந்தா மம்பட்டி நின்னிருக்குமா?”