மாப்பிள்ளையின் நடை

எங்கள் பரம்பரைச் சொத்து ஒரு நரம்பு நோய். ஐம்பது வயதில் நடை தள்ளாடும். இதற்கென்றே ஒரு இயந்திரச் செருப்பு வந்திருக்கிறது. நோய் வருமுன் அதைப் போட்டுக்கொண்டு தினமும் மூச்சு வாங்க நடந்தால், அது நம் நடையைக் கற்றுக்கொண்டு பிற்காலத்தில் நம்மை நடத்தும். சோம்பேறியான நான், என் செருப்பைத் தங்கை கணவர் அருணகிரிக்குப் போட்டு எனக்குப் பதிலாக நடக்கவிட்டேன்.

நோய் வந்ததும் செருப்பு என்னை அருணகிரி போலவே தோளைச் சாய்த்து நடத்தியது. ஊரே சிரித்தது. போன மாதம் அவர் இறந்துபோனார்.

"செருப்புல இருக்கிற பழைய நடையை அழிச்சுட்டு, வேற யாரையாவது நடக்கவிட்டுப் புதுசா பழக்கிக்கலாம்" என்றார் டாக்டர்.

"அழிச்சிடாதீங்கண்ணே" என்றாள் தங்கை வேதவல்லி. "வாசல்ல உங்க செருப்புச் சத்தம் கேட்டா அவருதான்னு டீ போட்டுடறேன்."

இப்போது தினமும் நான்கு முறை தெருமுனை வரை நடந்து அவள் வாசலுக்கு வருகிறேன். நான்கு டீயிலும் சர்க்கரை இல்லை. அவருக்குச் சர்க்கரை நோய்.