ஊற்றுத் தண்ணீரும் தேரைப் புழுவும்

ஏலச்செடிகளுக்கு நடுவே, ஊற்றை ஒட்டிய பாறையில் கலையரசி கண்ணாடித் தட்டை வைத்திருக்கிறாள். மதுரையிலிருந்து தேரைகளை ஆராய வந்த மாணவி அவள். சற்றுமுன் அறுத்த தேரையின் நுரையீரலிலிருந்து எடுத்த புழுக்கள், வெள்ளை நூல் துண்டுகளாய்த் தட்டில் நெளிகின்றன. இலைகளுக்கிடையே இறங்கும் வெயிலில் அவை மினுங்குகின்றன. சிலமலையிலிருந்து ஏலக்காய் பறிக்கும் வேலைக்கு ஜீப்பில் வந்த பேச்சி, ஊற்றில் கேனை நிரப்பிவிட்டு நகராமல் நிற்கிறாள். "இந்தத் தேரை நம்ம ஊத்தோரந்தான கெடக்கு?" "ஆமாக்கா. ஆனா இந்தப் புழு தேரைக்குள்ளதான் இருக்கும். மனுசங்களுக்கு வராது." "செடிக்கு மருந்தடிக்க வந்தவனும் மனுசங்களுக்கு ஒண்ணும் செய்யாதுன்னுதான் சொன்னான். எம்மக மாசமா இருக்கா தாயி, அவளும் எங்கூட வேலைக்கு வந்து இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறா. நீ மட்டும் ஏன் போடியில வாங்குன பாட்டிலக் கட்டிக்கிட்டுத் திரியிற?" மேல்சரிவில் காய் எடுப்பவர்கள் இவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். பேச்சி கேனைச் சாய்த்து ஒரு தம்ளர் பிடித்து நீட்டுகிறாள். "குடி, பாப்போம்." கலையரசி கையுறையைக் கழற்றி, கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தம்ளரை வாங்குகிறாள். வாய்க்குப் போகும் வழியில் தம்ளர் ஒரு கணம் வெயில் பக்கம் சாய்கிறது. அவள் கண் தண்ணீருக்குள் போய்விட்டு வருகிறது. பிறகு மடமடவென்று முழுவதையும் குடிக்கிறாள். "பாத்தீங்களாக்கா?" "பாத்தேன் தாயி. குடிக்கிறதுக்கு முன்னாடி நீ பாத்ததையும் பாத்தேன்." பேச்சி கேனைத் தூக்கி ஏலச்செடியின் தூரில் கவிழ்க்கிறாள். தண்ணீர் குடக்குடக்கென்று இறங்குகிறது.