புன்னத்தின் முறை

"சித்தி, அம்மாவோட பேங்க் புத்தகமும் பணம் எடுக்கற முத்திரையும் இப்பவே என் கைக்கு வரணும்."

சாப்பாட்டுக் கடையின் உள்ளறைக்கு வந்து உட்காருவதற்குள் தேசிக் சொல்லிவிட்டான். புன்னம் சிப்பிக் கஞ்சியை ஊதி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல கஞ்சியைக் குடிடா. சியோல்லேருந்து வெறும் வயித்தோட வந்திருப்பே."

"கஞ்சி வேணாம். கணக்கு வேணும்."

தொங்யங் துறைமுகத்தில் சிப்பி உரிக்கும் கொட்டகையில் புன்னமும் அவன் அம்மா ஓக்புன்னும் நாற்பது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள்; கொட்டகைப் பெண்களின் மாதச் சீட்டை நடத்துபவள் ஓக்புன். ஓக்புன்னுக்கு ஞாபகம் நழுவத் தொடங்கிய பிறகு கரண்ட் பில், மருந்துச் செலவு, பென்ஷன் எல்லாவற்றையும் புன்னம்தான் பார்த்துக்கொண்டாள். தேசிக்கும் நன்றியோடுதான் இருந்தான். மூன்று மாதமாகத்தான் அவள்மேல் ஒரு சந்தேகம்.

"ஒவ்வொரு மாசமும் அம்மா போன்ல, 'இந்தத் தடவை சீட்டுப் பணம் புன்னத்துக்கு'ன்னு சொல்றாங்க. ஒரு சீட்டை ஒருத்தி எத்தனை தடவை சித்தி எடுப்பா?"

புன்னம் கஞ்சிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மறந்துபோனவங்களை ஏமாத்தறது சுலபம்தான். அம்மாவை நாளைக்கே சியோல்ல ஒரு முதியோர் இல்லத்துல சேர்க்கப்போறேன். உங்க விஷயத்தை போலீஸ் பார்த்துக்கும்."

"மெதுவாப் பேசு. அக்கா வர்றா."

கதவு நகர்ந்தது. ஓக்புன் உதட்டில் லேசாகச் சாயம் பூசி, ஊதா நிறக் கோட்டுப் போட்டிருந்தாள். நேராக வந்து மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்தாள். மகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு இந்தத் தம்பி? சீட்டுல சேர வந்திருக்காரா? ஜாமீன் சொல்ல ஆள் இல்லாம நான் யாரையும் சேர்த்துக்கறது இல்லைம்மா."

"அம்மா, நான்..." என்று ஆரம்பித்தவனின் தொடையை மேஜைக்கு அடியில் புன்னம் நறுக்கென்று கிள்ளினாள்.

கொட்டகைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ரப்பர் ஏப்ரனில் சிப்பி வாடை. ஆளுக்கொரு நூல் கட்டிய செய்தித்தாள் பொட்டலத்தை ஓக்புன்னின் கையில் வைத்தார்கள். அவள் எதையும் பிரிக்கவில்லை. கொடுத்தவள் எதிரில் பிரித்து எண்ணுவது அவளை நம்பவில்லை என்று சொல்வதற்குச் சமம். உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துத் தலையசைத்தாள். அவ்வளவுதான்.

"கும்ஜா, உன் வீட்டுக்காரர் முதுகுவலி தேவலையா?"

"வலி போயிடுச்சுக்கா. வாய்தான் இன்னும் போகல."

"சுல்லே, என்னடி அதிசயம், நேரத்துக்கு வந்துட்டே! உன் கல்யாணத்துக்கே மாப்பிள்ளையைக் காக்க வச்சவளாச்சே."

அறையே சிரித்தது. நேற்று போனில், "நீங்க எந்த ஊருங்க?" என்று தேசிக்கிடம் கேட்ட அம்மா, இங்கே ஒரு பெயர்கூடத் தடுக்காமல், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதுவரை சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் சீட்டுக்காரம்மாவின் பழைய மிடுக்கு.

பொட்டலங்களையெல்லாம் ஒரு துணியில் முடிந்தாள்.

"இந்த மாசம் புன்னத்தோட முறை. பாவம், அவ பொண்ணுக்கு ஆபரேஷன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

"நீங்க சொன்னா சரிதான்க்கா," என்றார்கள் எல்லோரும்.

தேசிக் பதறினான். அந்த ஆபரேஷன் பல வருஷம் முன்பு, அவன் ராணுவத்தில் இருந்தபோது நடந்தது. அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்!

"என்ன அநியாயம் இது? அந்தப் பொண்ணு..."

"கஞ்சி ஆறுது, குடி!" கும்ஜா அதட்டினாள்.

புன்னம் இரண்டு கைகளையும் நீட்டி மூட்டையை வாங்கினாள். நெற்றி தரையில் படக் குனிந்தாள். "என் குழந்தை பிழைச்சது உங்களாலதான்க்கா."

சாப்பாடு முடிந்ததும் ஓக்புன் அடியில் கணப்பு ஓடும் சூடான தரையில் சுருண்டு கண்ணயர்ந்தாள். கடைக்காரம்மா போர்வை கொண்டுவந்து போர்த்தினாள். பெண்கள் வேலைக்குத் திரும்ப, புன்னமும் மூட்டையோடு வெளியேறினாள். போலீஸ் எண்ணைப் போனில் தயாராக வைத்துக்கொண்டு தேசிக் அவள் பின்னால் போனான்.

கொட்டகையில் கத்திகள் சிப்பி ஓடுகளைத் திறக்கும் சத்தம். புன்னம் ஒவ்வொருத்தியின் பின்னாலும் நின்று, ஏப்ரன் பையில் ஒரு பொட்டலத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எந்தக் கத்தியும் நிற்கவில்லை.

தேசிக்குக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கும்ஜாவின் பையிலிருந்த பொட்டலத்தைப் பறித்தான்.

"ஓ, எல்லாருக்கும் பங்கா? வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்குக் கூலியா? ஊரே சேர்ந்து ஒரு கிழவியை மொட்டையடிக்கறீங்களா?"

கும்ஜா கத்தியைக் கீழே வைத்தாள்.

"பங்கா? டேய், இது காலையில என் கையால நானே சுத்தின பொட்டலம். முடிச்சைக்கூட இன்னும் அவிழ்க்கல."

தேசிக் குழம்பினான். "அப்போ... சீட்டு?"

புன்னம் கடைசிப் பொட்டலத்தைச் சுல்லேயின் பையில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஏற்கெனவே சீட்டெடுத்து முடிச்ச என்னையே உங்கம்மா ஞாபகமில்லாம மறுபடியும் கூப்பிட்டாளே, அன்னிக்கே எல்லாருக்கும் கணக்கைத் தீர்த்துச் சீட்டை மூடிட்டோம்டா, ரெண்டு வருஷமாச்சு. மாசத்துல ஒரு நாளாவது உங்கம்மா உங்கம்மாவா வெளியே வரணுமேன்னுதான் அவங்கவங்க காசைக் கொண்டுவந்து கொடுத்துட்டு, அவங்கவங்களே திருப்பி எடுத்துட்டுப் போறாங்க."