ஒரு ஸ்பூன் மாங்கூழ்

ஒகேனக்கல் போகும் பஸ் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டை விட்டு நகரக்கூட இல்லை. அதற்குள் பொற்கொடியின் செல்போன் அடித்தது.

"வந்துடுச்சுடா சாமி!" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் மகள் சுப்ரியா.

"மெஹக்தானே?" என்றார் கணவர் முத்துமணி. "இரு, உன் பையை மட்டும் தனியா எடுத்துக் குடுத்துடறேன்."

"சும்மா இருங்க. என்னன்னு கேட்டுடறேன்."

காவேரிப்பட்டினம் சாலையில் இருக்கும் மாங்கூழ் ஆலையில் பொற்கொடிக்குப் பதினோரு வருஷ வேலை. இனிப்பை அளக்க அங்கே மீட்டர் உண்டு. புளிப்பை அளக்கவும் உண்டு. ஆனாலும் கடைசியில் ஒரு ஸ்பூன் கூழை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, பொற்கொடி "ம்" என்று சொன்னால்தான் டிரம்முக்கு மூடி விழும். பெங்களூரா மாம்பழம் வெயிலில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடந்திருந்தாலும் அந்த நாக்கு காட்டிக் கொடுத்துவிடும்.

அதனால் மாம்பழ சீசனில் அவளுக்கு ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. அதிசயமாக லீவு போட்டால், பாதி வழியில் ஆலை லேபில் இருக்கும் மெஹக்கின் போன் வரும். போன வருஷம் தர்மபுரியில் இறங்கித் திரும்பினாள். அதற்கு முந்தின வருஷம் பென்னாகரத்தில். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் அருவிச் சத்தமே கேட்டிருக்கும்.

"அக்கா," போனில் மெஹக்கின் குரல் பதறியது. "மூணாவது தொட்டிக்கு மீட்டர் சரியாத்தான் காட்டுது. ஆனா எனக்கென்னமோ பயமா இருக்கு. நீங்க வந்து ஒரு வாய் பார்த்துட்டா..."

"எம்.எஸ்சி. படிச்ச பொண்ணு!" முத்துமணி தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு ஸ்பூனை நாக்குல வச்சுப் பார்த்துச் சொல்லத் தெரியலை. சுத்தத் தத்தி!"

"அவளை ஏன் திட்டறீங்க? எல்லாருக்குமா அந்த நாக்கு அமையும்? நான் இல்லேன்னா அங்க ஒரு டிரம் நகராது." பொற்கொடி சலித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சலிப்பில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

கண்டக்டர் கதவைத் தட்டினார். "இறங்கறவங்க இப்பவே இறங்கிடுங்க. ஹைவேஸ் ஏறிட்டா நிறுத்த மாட்டேன்!"

பொற்கொடி எழுந்தாள்.

"போய்ட்டு வாம்மா," என்றாள் சுப்ரியா. "பரிசல்ல நானும் அப்பாவும் போய்க்கறோம்."

குரலில் கோபமே இல்லை. முந்தின வருஷம் சண்டை போட்டாள். போன வருஷம் அழுதாள். இந்த வருஷம், அம்மா இறங்குவதற்கு வசதியாக முழங்காலை மடக்கி, வழி விட்டாள். அவ்வளவுதான்.

அந்த முழங்காலைப் பார்த்துக்கொண்டே நின்றாள் பொற்கொடி. புதன்கிழமை இவள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போகிறாள். அடுத்த வருஷம் வழி விடக்கூட ஆள் இருக்காது.

"ஏம்மா, இறங்கறியா இல்லையா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க. ரைட் குடுங்க."

உட்கார்ந்தாள். பஸ் சத்தத்தில் காது கேட்காமல் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"மெஹக், நான் சொல்றதைக் கேளு. இன்னிக்கு நான் வரமாட்டேன். நீயே நாக்குல வச்சுப் பாரு. உனக்குச் சரின்னு பட்டா மூடிடு. தப்பாப் போச்சுன்னா மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன்."

சொல்லி முடிப்பதற்குள், ஊரே மெச்சும் அந்த நாக்கு ஒட்டி உலர்ந்துபோனது.

அந்தப் பக்கம் திடீரென்று கைதட்டல். யாரோ விசில் வேறு அடித்தார்கள்.

"என்னடி சத்தம் அங்க?"

"விமல்ராஜ்தான்க்கா. பேக்கிங்ல எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. நிஜமாவே வரமாட்டீங்களா? சத்தியமா?"

"வரமாட்டேன்டி! நீ போய்த் தொட்டியைப் பாரு."

"தொட்டி எப்பவோ காலிக்கா. காலையில ஏழு மணிக்கே லாரி கிளம்பிடுச்சு."

பொற்கொடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என் நாக்கு படாமலா?"

"நான் பார்த்தேன்க்கா. மேனேஜர்தான் எனக்கும் கையெழுத்துப் போட உத்தரவு குடுத்திருக்காரே. நீங்க லீவு போட்ட நாள்ல எல்லாம் அப்படித்தான் போகுது. ஒரு லோடுகூடத் திரும்பி வந்ததில்லை."

முத்துமணி வாயைப் பொத்திக்கொண்டார். சுப்ரியாவின் முழங்கால் எப்போது நீண்டு அம்மாவின் முழங்காலில் இடித்ததோ, தெரியவில்லை.

"அப்புறம் எதுக்குடி எனக்குப் போன் போட்டே? பென்னாகரத்துல இருந்து திரும்பி ஓடி வந்தேனே, பாவி!"

மெஹக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நான் வேலைக்கு வந்த புதுசுல, காய்ச்சல்னு நீங்க ஒரு நாள் வரலை. பாவம் தூங்கட்டும்னு நாங்க யாருமே கூப்பிடலை. மறுநாள் வந்து, 'நான் இல்லாமலே ஓடிடுச்சா'ன்னு கேட்டுட்டு, அன்னிக்கு நீங்க மத்தியானச் சோத்தைத் தொடவே இல்லையேக்கா... அதுலேர்ந்துதான், நீங்க லீவுன்னா, லாரியை அனுப்பிட்டு, உங்களுக்குன்னு கொஞ்சம் கூழை ஒரு கிண்ணத்துல எடுத்து வச்சுட்டுக் கூப்பிடறோம்."