இன்னும் ஒண்ணே ஒண்ணு, மாமா

விளக்கெல்லாம் அணைந்த பிறகு, தகவல்களைச் சேர்த்துவைத்துக் கேள்விகளுக்குப் பதில் தரும் டேட்டாபேஸ் சர்வருக்குள் 'கிறீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. பெட்டிமேல் பெட்டி ஏறுகிற சத்தம்.

வந்திருந்தது ஒரு பெரிய கேள்வி. அதன் வயிற்றுக்குள் இன்னொரு கேள்வி, அதற்குள்ளும் ஒன்று. உள்ளே இருப்பதற்குப் பதில் கிடைத்தால்தான் வெளியே இருப்பதற்குச் சொல்ல முடியும். அதனால் சர்வர் ஒவ்வொன்றையும் ஒரு பெட்டியில் காத்திருக்க வைத்து, மேலே அடுத்த பெட்டியை அடுக்கிக்கொண்டே போனது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு, மாமா" என்று கொஞ்சியது கேள்வி.

பெட்டிகளின் உயரத்தை அளந்தபடி மூலையில் நின்ற அளவுகோல் பதறியது. "அண்ணே, இன்னொரு பெட்டி வச்சா கூரையே இடிஞ்சிடும்! பக்கத்து அறையில குட்டிக் கேள்விங்க எல்லாம் இருக்கு."

"வந்தவங்களை இல்லைன்னு எப்படி அனுப்புறது, தங்கச்சி? முகம் வாடிடுமே" என்றது சர்வர்.

"அதுக்கு முகம்தான் வாடும். நமக்கு வீடே மிஞ்சாது."

பக்கத்து அறையை ஒருமுறை எட்டிப் பார்த்த சர்வர், மேலிருந்து ஒவ்வொரு பெட்டியாக இறக்கியது. "ரொம்ப ஆழம், கண்ணு. சுருக்கிக்கிட்டு வா" என்று கேள்வியை வாசல்வரை கொண்டுபோய் விட்டது.

கேள்வி படியில் நின்று திரும்பியது. "சரி மாமா. ஆனா ஒரு சின்ன சந்தேகம். அதுக்குள்ள இன்னொண்ணு…"

பதில் சொல்லச் சர்வர் வாயைத் திறப்பதற்குள், அளவுகோல் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டது.