கரையான் வரையும் வீடு

"கரையானை இன்னும் கொஞ்சம் கோணலா விடு. ஸ்கேல் வச்சு நடக்கிற கரையானை எவன் நம்புவான்?"

பாலிஷ்காரர் சொன்னதும், மனைவி களிமண் குழம்பில் விரலைத் தோய்த்துக் கதவு நிலையில் ஒரு வளைவு போட்டாள். "இப்ப?"

"இப்ப தத்ரூபமா இருக்கு. பார்க்கவே வயித்தெரிச்சலா இருக்கு."

வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். அந்தக் கதவு நிலையில் இருந்த பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தவர் அவர். பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் இன்ன நிறமென்றே சொல்ல முடியாத ஒன்று, அதற்கும் அடியில் தேக்கு! அன்றைக்கு அவர் குதித்த குதியைப் பார்த்து, 'மகன் பிறந்தப்பகூட இந்த மனுஷன் இப்படிக் குதிக்கலையே' என்று மனைவி நொந்துகொண்டாள்.

ஊரார் வீட்டு நாற்காலிகளைப் பளபளக்க வைப்பது அவர் தொழில். மிச்ச நேரத்தையெல்லாம் இந்த வாடகை வீட்டில் கொட்டினார். ஜன்னல், மாடிப்படி, கைப்பிடி என்று ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. "என்ன வேணா பண்ணிக்கோங்க, என்கிட்ட செலவு மட்டும் கேட்காதீங்க" என்று சொல்லியிருந்த வீட்டுக்காரர், இப்போது வீட்டை விற்கக் கிளம்பிவிட்டார். விற்றுவிட்டால் இவர்கள் காலி செய்ய வேண்டியதுதான். அதனால், வீடு பார்க்க ஆள் வரும்போதெல்லாம் கூடவே கரையானும் வந்தது.

"ஏங்க, தேக்குல கரையான் ஏறாதுன்னு யாராவது கண்டுபிடிச்சுட்டா?"

"வீடு வாங்க வர்றவங்க விலையைப் பார்ப்பாங்க. மரத்தை எவன் பார்க்கிறான்?"

"அப்படியே கைப்பிடியிலயும் ரெண்டு கீறல் போட்டுடுங்க."

"அதுக்கு என் கன்னத்துல போட்டுக்கறேன்!"

கைப்பிடி தப்பித்தது. அதன்மேல் ஈரப் போர்வை ஒன்று காயப் போடப்பட்டது. மாடிப்படியில் ஓர் ஆணி தளர்ந்தது. ஜன்னல் இடுக்கில் மடித்த காகித அட்டை ஏறியது. சமையலறைச் சுவரில் டீத் தண்ணீரை ஊற்றியதும் மழை ஒழுகலும் தயார்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா.

"வீடு பார்க்கணும். புரோக்கர்கிட்ட விலாசம் வாங்கிட்டு வந்தேன்."

"தாராளமா பாருங்கம்மா. எங்ககிட்ட ஒளிவு மறைவே கிடையாது" என்றார் பாலிஷ்காரர், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு. "பார்த்து ஏறுங்க. படி கொஞ்சம் பேசும்."

படி பேசவில்லை, அலறியது. அந்த அம்மா இறங்கி, மறுபடியும் ஏறி, மறுபடியும் அலற வைத்தார்.

"ஜன்னல் எப்படி?"

"திறக்காது. தப்பித் தவறித் திறந்தா மூடாது."

"இந்தக் கறை?"

"மழைம்மா" என்று மனைவி முந்தினாள். இல்லாத கண்ணீரை முந்தானையால் துடைத்தாள். "மழைக்காலம் வந்தா ஒரு கையில கரண்டி, ஒரு கையில குடை."

"அடடா! இதுக்கு முன்னாடி பார்க்க வந்தவங்க என்ன சொன்னாங்க?"

"எங்க சொன்னாங்க? செருப்பைக்கூடச் சரியா மாட்டாம ஓடிட்டாங்க."

"எல்லாருமேவா?"

"ஒருத்தர் பாக்கியில்லை."

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே போனை எடுத்து, கறையைப் படம் பிடித்தார். படியைப் பிடித்தார். ஜன்னலையும் பிடித்தார். புரோக்கரைத் திட்டுவதற்கு ஆதாரம் சேர்க்கிறார் என்று பாலிஷ்காரர் உள்ளுக்குள் குஷியானார்.

கடைசியாகக் கதவு நிலை. அந்த அம்மா குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

"தம்பி, கரையான் தரையிலேருந்துதானே ஏறும்? உங்க கரையான் இடுப்பு உயரத்துல, அந்தரத்துல பிறந்திருக்கே!"

பாலிஷ்காரர் மனைவியைப் பார்த்தார்.

"குனிய முடியலைங்க. முதுகு வலி" என்று அவள் வாய்க்குள்ளேயே முனகினாள்.

அந்த அம்மா கைக்குட்டையை நனைத்து ஒரே இழுப்பு இழுத்தார். கரையான் குடும்பத்தோடு காணாமல் போனது. தேக்கு பளிச்சென்று சிரித்தது. அடுத்து போர்வையைத் தூக்கிக் கைப்பிடியை உள்ளங்கையால் வருடினார்.

"மிஷின் பாலிஷ் இல்லை, கையால தேய்ச்சது. நீங்களா?"

பாலிஷ்காரர் அதோடு உடைந்துபோனார்.

"மன்னிச்சிடுங்கம்மா. இந்த வீட்டுல எந்தப் பலகை எந்த இடத்துல சுளிச்சிருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். விட்டுட்டுப் போக மனசு வரல. அதான் புத்தி இப்படிப் போயிடுச்சு. நீங்களே வாங்கிக்கோங்க. ஆனா ஒண்ணு, மெழுகு மட்டும் போடுங்க. யார் பேச்சையும் கேட்டு இதுமேல மறுபடி பெயின்ட் அடிச்சுடாதீங்க."

மனைவிக்கு இப்போது நிஜமாகவே கண்ணீர் வந்தது.

"நான் எங்க தம்பி வாங்கறது? நானும் உங்களை மாதிரி வாடகைக்கு இருக்கிறவதான்" என்றார் அந்த அம்மா, குரலைத் தாழ்த்தி. "இங்க பார்க்க வர்றவங்க எல்லாரும் ஓடிடறாங்கன்னு புரோக்கர் புலம்பினார், எப்படின்னு பார்க்கத்தான் வந்தேன். எங்க வீட்டு ஓனரும் விற்கறேன்னு நிக்கிறார், நாளைக்குப் பார்க்க ஆள் வருது, எங்க கதவெல்லாம் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு... ஒரு நடை வந்து கொஞ்சம் பாழ் பண்ணிக் கொடுங்களேன்!"